உப்பை எதிர்க்கும் சிற்றுயிர்: உழவன் கைக்கு வருவது எப்போது?

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அடுப்பங்கரைச் சட்டம். வயலுக்கு அந்தச் சட்டம் செல்லாது. வயலில் உப்பு ஏறினால் வயலே குப்பை.

கூடுவாஞ்சேரியிலிருந்து கிழக்கே நெல்லிக்குப்பம் சாலையில் போகிறவர்களுக்கு முதலில் தெரிவது மனைப் பிரிவுக் கற்கள். வீடுகள், மேலும் வீடுகள். ஆனாலும் காயரம்பேடு தாண்டி, நெல்லிக்குப்பம், கொட்டமேடு என்று போகப் போக வயல்கள் கண்ணில் படுகின்றன. ஏரிப் பாசனம் இன்னும் முழுதும் செத்து விடவில்லை. மேலே போனால் திருப்போரூர். அதற்கு அப்பால் பக்கிங்ஹாம் கால்வாய், உப்பங்கழி, கடல். நல்ல தண்ணீர் ஏரியில் புறப்பட்டு உப்புத் தண்ணீரில் போய் நிற்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

உப்புத் தண்ணீர் மேலே கடலோடு நின்று கொண்டால் யாருக்கும் கவலை இல்லை. அது பூமிக்கு அடியிலும் நடக்கிறது. கரையோரத்தில் நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால், காலியான இடத்தில் கடல் வந்து குடியேறி விடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் இந்தக் குடியேற்றம் 1969-லேயே கண்டறியப்பட்டது. பின்னாளில் அது பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்து விட்டது.

கூடுவாஞ்சேரிக்குக் கடல் வரவில்லை. அங்கே உப்பு வேறு வழியில் வருகிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரை ஊற்றும் மாடித் தோட்டங்களில், தொட்டி ஓரம் வெள்ளை வெள்ளையாகப் படிவதை இல்லத்தரசிகள் பார்த்திருப்பார்கள். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. சிக்கனம் நல்லதுதான். ஆனால் கருவி வேண்டாம் என்று ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. செடி வாடினால் அதன் மேல் குற்றமில்லை.

தொட்டிச் செடி போனால் வேறு வைக்கலாம். வயல் போனால்?

இந்தியாவில் உப்பால் கெட்டுப் போன நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் என்பது மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் காட்டும் கணக்கு. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 3 லட்சத்து 68 ஆயிரம் ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 9 லட்சம். சின்ன விஷயம் அல்ல.

ஊறுகாய்க் கணக்கு

உப்பு பயிரை எப்படிக் கெடுக்கிறது? நார்த்தங்காயை நறுக்கி உப்பில் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடி நிறையத் தண்ணீர் விட்டிருக்கும். காயிலிருந்த நீரை உப்பு வெளியே இழுத்து விட்டது. உவர் நிலத்தில் வேருக்கும் இதுதான் கதி. மண்ணில் ஈரம் இருக்கும். ஆனால் வேரால் குடிக்க முடியாது. தண்ணீர் நிற்கும் வயலிலேயே பயிர் தாகத்தால் வாடும்.

அதோடு விடவில்லை. உப்பிலுள்ள சோடியம் செடிக்குள் நுழைந்து, பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. இலை நுனி கருகுகிறது. நெற்பயிர் ஓரளவுக்குத்தான் பொறுக்கும். மண்ணின் உப்பை அளக்கும் மின்கடத்துத் திறன் என்ற கணக்கில் 3 அலகு வரை அது தாக்குப் பிடிக்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகு ஏறும்போதும் விளைச்சல் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வீதம் குறையும் என்பது உலகெங்கும் விவசாய நிபுணர்கள் வைத்துக் கொண்டிருக்கும் கணக்கு. 6 அலகு உள்ள வயலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லை உப்பு தின்று விடுகிறது என்று அர்த்தம். உரத்துக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவதில்லை!

மூன்றாவது கெடுதல் விசித்திரமானது. வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் எத்திலீன் என்ற வாயுவைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். செடி கஷ்டப்படும்போது இதே வாயுவைத் தன்னுள்ளேயே அதிகமாக உண்டாக்கிக் கொள்கிறது. உப்பின் தொல்லை மிகுந்தால் எத்திலீனும் மிகும். வேர் வளர்ச்சி நின்று விடும். இலைகள் காலத்துக்கு முன்பே மஞ்சளாகும். பாதிக் கேடு உப்பினால். மீதிக் கேடு செடி பயந்து போய்த் தானே செய்து கொள்வது.

இந்த இடத்தில்தான் பாக்டீரியா உதவிக்கு வருகிறது.

வேரடியில் குடித்தனம்

கிருமி என்றதும் காய்ச்சலும் பேதியும்தான் ஜனங்களுக்கு நினைவு வரும். மண்ணில் இருப்பவை பெரும்பாலும் அந்த ஜாதி அல்ல. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக் கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேரைச் சுற்றி மட்டும் கூட்டம் நெரிகிறது. இதைக் கவனித்து, அந்த இடத்துக்கு 'வேர் மண்டலம்' என்று பொருள்படும் பெயரை 1904-ல் சூட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி லாரன்ஸ் ஹில்ட்னர்.

கூட்டத்துக்குக் காரணம் சாப்பாடு. செடி, இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதியை வேர் வழியே கசிய விடுகிறது. அதைத் தின்ன வந்த பாக்டீரியாக்கள் வாடகை கொடுப்பது போலப் பல வேலைகளைச் செய்கின்றன. சில, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. சில, மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கின்றன. கொழகொழவென்ற பசையைச் சுரந்து வேரைச் சுற்றி உறை போட்டு, சோடியத்தை வாசலிலேயே பிடித்து வைப்பவையும் உண்டு. நல்ல குடித்தனக்காரர்கள்.

எத்திலீன் சங்கதியிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது. எத்திலீனாக மாறப் போகும் மூலப்பொருள் ஒன்று வேரில் உண்டாகிறது. ஏ.சி.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். அதைக் கசிவோடு கசிவாக இழுத்துத் தின்று விடும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. மூலப்பொருள் குறைந்தால் வாயு குறையும். செடியின் பயமும் தணியும். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிளிக் என்பவரும் அவரது சகாக்களும் 1998-ல் இந்த விளக்கத்தை உலகத்தின் முன் வைத்தனர். 2004-ல் இஸ்ரேலின் அராவா என்னும் வறண்ட பகுதியில் எடுத்த ஒரு பாக்டீரியாவைத் தக்காளி நாற்றுகளுக்குக் கொடுத்து, உப்புத் தண்ணீரிலும் அவை நன்கு வளர்வதைக் காட்டினார்கள்.

கனடாவும் இஸ்ரேலும் செய்ததைத் தமிழ்நாடு செய்யாமல் இருந்து விடவில்லை. 2007-ல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சரவணகுமார், சாமியப்பன் ஆகிய இரு விஞ்ஞானிகள் நிலக்கடலையில் இதே பரீட்சையை நடத்தினார்கள். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவில் டி.டி.கே.1 என்று பெயரிட்ட ஒரு ரகத்துக்கு அந்த நொதி உண்டு. அதைக் கொடுத்த கடலை உப்பைத் தாங்கியது, விளைச்சலும் கூடியது. நொதி இல்லாத சூடோமோனாஸ் ரகங்களைக் கொடுத்த கடலை அந்த அளவுக்குத் தேறவில்லை.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே இனம், ஒரே பெயர். ஆனால் ரகம் வேறு. 'சூடோமோனாஸ் போட்டேன், பிரயோஜனமில்லை' என்று ஒருவரும், 'சூடோமோனாஸ் போட்டேன், அருமை' என்று இன்னொருவரும் சொன்னால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நெல் என்றால் எந்த நெல் என்று கேட்கும் விவசாயி, பாக்டீரியா என்றாலும் எந்தப் பாக்டீரியா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காட்டு நெல் தந்த பரிசு

இதைவிட ருசிகரமான கதை சென்னையிலேயே நடந்தது. தரமணியில் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கடல் ஏறி இறங்கும் சதுப்பு நிலக் காடுகளை ஒட்டி ஒரு காட்டு நெல் வளரும். போர்ட்டரீசியா என்பது அதற்குத் தாவர நூலார் வைத்த பெயர். தினமும் உப்புத் தண்ணீரில் முழுகி எழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே புகுந்த உப்பை இலையிலுள்ள நுண்ணிய மயிர்கள் வழியே வெளியே தள்ளி விடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

அந்த நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதன், சுதா நாயர் ஆகிய இருவரும் காட்டு நெல்லின் வேரையும் தண்டையும் வேரடி மண்ணையும் சோதித்தார்கள். அங்கே அதுவரை உலகம் அறியாத ஒரு பாக்டீரியா கிடைத்தது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது, மணிச்சத்தைக் கரைக்கிறது. நூற்றுக்கு 3 பங்கு உப்புள்ள கரைசலிலும் செழித்து வளர்கிறது. கடல் நீரிலேயே உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் என்றால், இது எப்படிப்பட்ட ஆசாமி என்று புரியும்! 2004-ல் அதைப் புது இனமாக அறிவித்தபோது, 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பின்பாதிக்கு உப்பைப் பொறுப்பது என்று பொருள். முன்பாதிக்கு விளக்கம் தேவையில்லை.

அதே 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மக்களைப் பலி கொண்டதோடு, நெல் வயல்களின் மேல் கடலைக் கொட்டி விட்டுப் போயிற்று. கரையோர விவசாயிகள் மேலே படிந்த சேற்றை வழித்தார்கள். வரப்புக் கட்டி மழை நீரைத் தேக்கி உப்பைக் கழுவினார்கள். தக்கைப் பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். உவரைத் தாங்கும் பழைய நெல் ரகமான குழியடிச்சானைத் தேடி விதைத்தவர்களும் உண்டு. உப்பைச் சமாளிக்கும் அறிவு உழவரிடமும் இருந்தது. ஆராய்ச்சிக் கூடத்திலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே சாலைதான் சரியாகப் போடப்படவில்லை.

இன்றைக்கும் அந்தச் சாலை அரைகுறையாகவே கிடக்கிறது. சுவாமிநாதானியாவின் மாதிரி சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் சேமிப்பகத்தில் இருக்கிறது. பெல்ஜியத்தில் உள்ள சேமிப்பகத்திலும் இருக்கிறது. ஆனால் கூடுவாஞ்சேரியிலோ திருப்போரூரிலோ உரக்கடையில் போய், 'உவர் நிலத்துக்கு ஏற்ற பாக்டீரியா கொடுங்கள்' என்று கேட்கும் விவசாயிக்குக் கிடைப்பது வழக்கமான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும்தான். அவை நல்ல சரக்குதான். நல்ல நிலத்துக்கு நல்ல சரக்கு. நல்ல நிலத்தில் வளர்ந்து பழகிய பாக்டீரியாவை உப்பிலே போட்டால், பயிரைக் காப்பாற்றுவது இருக்கட்டும், முதலில் அது பிழைக்க வேண்டுமே!

வடக்கே இந்த வேலை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஹரியானாவில் கர்னால் நகரில் 1969 முதல் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அதன் லக்னோ கிளை, கெட்ட நிலத்தையே தாக்குப் பிடித்து வாழ்ந்த இரண்டு பாசில்லஸ் பாக்டீரியாக்களையும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையையும் சேர்த்து, 'சி.எஸ்.ஆர். பயோ' என்ற கலவையைத் தயாரித்தது. தயாரிக்கும் உரிமையைக் கம்பெனிகளுக்கும் கொடுத்தது. வாழை, காய்கறி போடுகிறவர்கள் அதை உபயோகிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசின் உயிர் உர உற்பத்தி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. கண்டுபிடிக்கும் மூளையும் இருக்கிறது. கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், செங்கல்பட்டு போன்ற கடலோர மாவட்டங்களுக்கென்று உப்பைத் தாங்கும் ரகங்களைத் தனியே பெருக்கிக் கொடுப்பது இந்த மையங்களுக்கு ஆகாத காரியமா?

ஆனால் அவசரப்பட்டும் பயனில்லை. தொட்டியில் ஜெயித்த பாக்டீரியாக்கள் பல, வயலில் தோற்றிருக்கின்றன. வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக் கணக்கான உள்ளூர் பாக்டீரியாக்கள் புதிதாக வந்தவருக்குச் சுலபமாக இடம் கொடுக்க மாட்டா. ஆகவே விவசாயிகளின் வயலிலேயே, மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் பொய்த்த ஆண்டிலும், மருந்து போட்ட பாத்தி ஒன்று, போடாத பாத்தி ஒன்று என்று வைத்துப் பார்க்க வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் ஒளிக்காமல் ஊர் அறியச் சொல்ல வேண்டும்.

உவரா? களரா?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக் கொள்வது நல்லது. உப்பு நிலம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். வெயில் நாளில் மேலே வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தால் உப்பு இறங்கி விடும். களர் நிலம் வேறு. அதில் சோடியம் மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கொண்டிருக்கும். கார நிலை எட்டரைக்கு மேல் போய்விடும். மழை பெய்தால் குழம்பாகும், காய்ந்தால் பாறையாகும், தண்ணீர் உள்ளே இறங்காது.

தமிழ்நாட்டின் 3 லட்சத்து 68 ஆயிரம் ஹெக்டேரில் உவர் சுமார் 13 ஆயிரம் ஹெக்டேர்தான். மீதி எல்லாம் களர்! களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, அதன் சுண்ணாம்புச் சத்தினால் சோடியத்தைப் பெயர்த்து, நல்ல தண்ணீரால் வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பாக்டீரியாவை மட்டும் நம்புவது, ஒழுகும் கூரையைப் பழுது பார்க்காமல் குடையை விரித்துக் கொண்டு வீட்டுக்குள் உட்காருவது போல. ஜிப்சம் இட்டு, தக்கைப் பூண்டு மடக்கி உழுது, கோ 43, திருச்சி 1, திருச்சி 3 போன்ற தாங்கும் ரகங்களை நட்டு, அதோடு பாக்டீரியாவையும் சேர்த்தால் பலன் எதிர்பார்க்கலாம்.

பாக்டீரியா உப்பை எடுத்து விடுவதில்லை. பயிர் அதைப் பொறுத்துக் கொள்ள உதவுகிறது, அவ்வளவுதான். இதைச் சில வியாபாரிகள் சொல்ல மாட்டார்கள். 'ஒரு பாட்டில் ஊற்றினால் உப்பு ஓடிவிடும்' என்று யாராவது சொன்னால் அவரிடம் பாட்டில் வாங்க வேண்டாம். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. உப்பைத் தாங்கும் பயிர் கிடைத்து விட்டதென்று தைரியம் கொண்டு, கரையோரத்தில் மேலும் இரண்டு ஆழ்குழாய் இறக்கி இறைத்தால், மீஞ்சூர் கதை தெற்கேயும் நடக்கும். எந்தப் பாக்டீரியாவாலும் கடலைத் திருப்பி அனுப்ப முடியாது.

பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா?

உயிர் உரம் என்ற பெயருக்கு ஏற்ப அதில் உயிர் இருக்க வேண்டும். 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006-ல் உயிர் உரங்களும் கொண்டு வரப்பட்டன. தூளாக விற்றால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி, திரவமாக விற்றால் ஒரு மில்லி லிட்டரில் 10 கோடி பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. விதி நல்ல விதி. ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் மாதக் கணக்கில் அடுக்கி வைத்தால், உள்ளே 5 கோடி இருக்குமா, 5 இருக்குமா என்று யார் எண்ணுகிறார்கள்? யூரியா மூட்டை வெயிலில் கிடந்தாலும் யூரியாதான். பாக்டீரியா அப்படி அல்ல. தயாரித்த இடத்தில் மாதிரி எடுத்துப் பார்ப்பதோடு அதிகாரிகள் நின்று விடக் கூடாது. விவசாயி காசு கொடுத்து வாங்கும் கடையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உவர் நிலத்துக்கென்று விற்கும் பாக்கெட்டில், எந்த ரகம், எந்த அளவு உப்பு வரை பிழைக்கும் என்பதைத் தமிழில் அச்சடிக்கச் செய்ய வேண்டும்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியதும் உண்டு. காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். வயலுக்கு இடும்போது ஹெக்டேருக்கு 2 கிலோ, அதாவது 200 கிராம் பாக்கெட் பத்து, 25 கிலோ மட்கிய தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து தூவச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு நான்கு பாக்கெட் ஆகிறது. அதிகச் செலவு இல்லை. நாற்றின் வேரை அரை மணி நேரம் கரைசலில் நனைத்து நடுவதும் நல்ல முறை. யூரியாவோடு கலந்து இடுவது கூடாது. பூஞ்சண மருந்து கலந்த விதையில் உடனே பூசுவதும் கூடாது. ஒரு நாள் இடைவெளி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மண் பரிசோதனை. நிலம் உவரா, களரா, இரண்டும் இல்லையா என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அது குருட்டு வைத்தியம். கூடுவாஞ்சேரிக்கு அடுத்த பொத்தேரியை ஒட்டி, காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணைக் கொண்டு போய் விசாரிக்க அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. மண் எடுக்க ஏற்ற காலம் கோடை. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது உப்பு மேலே ஏறி நிற்கும். உள்ளது உள்ளபடி தெரியும். வரப்பு ஓரத்திலும் எருக்குவியல் அடியிலும் எடுக்கக் கூடாது. வயலில் பத்து இடத்திலாவது அரையடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோ கொண்டு போனால் போதும். ஐப்பசி மழை விழுந்து விட்டால் உப்பு கீழே இறங்கிவிடும். அப்போது எடுக்கும் மண் நல்ல பிள்ளை போல நடிக்கும்.